செல்போன் இல்லாம இனிமே இருக்கவே முடியாதா? மேல்மலையில இருந்து கேக்குறேன்

மேல்மலை_தபால்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வயசு 67. கொடைக்கானல் மேல்மலையில மன்னவனூருக்கும் கவுஞ்சிக்கும் நடுவுல எங்க ஊரு. முப்பது வருசத்துக்கு மேல கிளை தபால் ஆபீஸ்ல போஸ்ட் மாஸ்டரா இருந்து ரெண்டு வருசம் முன்னாடி ஓய்வு, இப்ப பூண்டும் உருளையும் தான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டுறா.

இன்னிக்கு வரைக்கும் எனக்குன்னு ஒரு செல்போன் வச்சுக்கிட்டது இல்ல. வாங்க காசில்லாம இல்ல, பயமும் இல்ல. சட்டப்பையில ஒண்ணு உக்காந்துக்கிட்டு எந்த நேரமும் கூப்பிடும்ங்கிறது எனக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். வீட்ல லேண்ட்லைன் இருந்துச்சு, அது போதும்னு இருந்தேன். ரோடு அகலப்படுத்துனப்ப கேபிள் அறுந்து அந்த லைன் செத்துப்போச்சு, எழுதிக் குடுத்துப் பாத்தேன், யாரும் வரல.

போன வாரம் கொடைக்கானல்ல ஒரு பேங்குக்குப் போனேன். கணக்குல கேஒய்சி, அதான் கணக்கு வச்சிருக்கறது யாருன்னு சரிபாக்கற விவரம், புதுப்பிக்கணுமாம். ஆதார் அட்டை, பாஸ்புக், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் மஞ்சப்பையில எடுத்துட்டுப் போயிருந்தேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு எதையும் கையில வாங்கல. நம்பர் சொல்லுங்க ஓடிபி வரும்னுச்சு. நம்பர் இல்லம்மான்னேன். வீட்ல யாரு நம்பராவது சொல்லுங்கன்னுச்சு. ஏம்மா நான் தான் நேர்ல நிக்கிறேனே, மூஞ்சிய பாரு, கையெழுத்தப் பாருன்னேன். பாவம் அதுவும் என்ன செய்யும், அந்த கட்டத்துல நம்பர் போடாம அடுத்த பக்கம் போகாதாம். ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல போனவன் அப்படியே திரும்பி வந்தேன். அந்த கணக்குல இருக்கறது என் சொந்தப் பணம்.

இனிமே செல்போன் இல்லாதவன் ஆளே இல்லையா? உங்க ஊர்ல எப்படி இருக்கு, சொல்லுங்க.

குன்னூர்_தேயிலை

அய்யா கோவிச்சுக்காதீங்க, நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். எங்களுக்கு குன்னூர் - கோத்தகிரி ரோட்டுல ஒண்ணரை ஏக்கர் தேயிலை. 2021ல ஒரு நாள் காலைல ஏழு மணி இருக்கும், நல்ல மேகம், பத்தடிக்கு அந்தாண்ட எதுவும் தெரியல. அப்பா கொழுந்து எடுக்க ஆள் விட்டுட்டு மேல் வரிசைக்கு ஏறிருக்காரு, செடிக்கு அந்தப்பக்கம் காட்டுமாடு படுத்திருந்தது தெரியல. ஒரே முட்டு. தொடை கிழிஞ்சு ரத்தம் நிக்கல. கூட வேலை செஞ்ச அக்கா இடுப்புல சொருகி வச்சிருந்த சின்ன பட்டன் போன எடுத்து 108க்கு அடிச்சு, பேசிக்கிட்டே தலைத்துணிய அவுத்து தொடைய இறுக்கிக் கட்டிருக்கு. முக்கா மணி நேரத்துல ஆம்புலன்ஸ். குன்னூர்ல கட்டு போட்டு அப்படியே கோயமுத்தூர் கொண்டு போனோம். எங்கப்பா இன்னிக்கு நடக்கறாருன்னா அந்த அக்கா இடுப்புல இருந்த போன் தான் காரணம்.

2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்குங்களா, கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சு, மாவட்டம் பூரா மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. எங்க சித்தப்பா குடும்பம் உயிரோட இருக்காங்களான்னு தெரியவே எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாள் எங்கம்மா அடுப்பு பத்த வைக்கல. மலைல இருக்கறவங்க தான்யா முதல்ல போன் வச்சுக்கணும். கீழ இருக்கறவங்களுக்கு கூப்பிட்ட தூரத்துல ஆளு இருக்கும், நமக்கு யாரு இருக்கா.

கூடலூர்க்காரி

குன்னூர் தம்பி சொல்றது சரி. எங்க பக்கம் ஆனை. சாயங்காலமானா வாட்ஸப் குரூப்ல தான் எங்க உசுரே இருக்கு, எந்த வளைவுல நிக்குது, குட்டியோட இருக்கா, ஒத்தையா இருக்கா, எல்லாம் அதுல வந்துரும், அதப் பாக்காம யாரும் பைக் எடுக்கறதில்ல. வால்பாறையில பல வருசமாவே ஆனை வந்தா எஸ்எம்எஸ் வரும், செல்போன்ல இருந்தே எரிய வைக்கிற சிவப்பு லைட்டும் ரோட்டோரம் வச்சிருக்காங்க, அதனால எத்தனையோ பேர் தப்பிச்சிருக்காங்க.

ஆனா முன்னாடி எங்களுக்கும் போன்னா வெறுப்பு தான், கேரளா டவரும் கர்நாடகா டவரும் மாறி மாறி புடிச்சு வீட்டுக்குள்ள உக்காந்து பேசுனதுக்கே ரோமிங்னு காசு போயிரும்.

தாண்டிக்குடி_டீச்சர்

ஐயா நான் கீழ்மலை. உங்க பேங்க் கதைய படிச்சு மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா அதே வேலைய நானும் தினமும் ஒரு குழந்தைக்கு செய்யறேன். ஹோம்வொர்க், லீவு அறிவிப்பு, நாளைக்கு என்ன கொண்டு வரணும் எல்லாம் வகுப்பு குரூப்ல தான் போடறோம். ஒரு பொண்ணோட அம்மா காப்பித் தோட்டத்துல வேலை, போன் இல்ல. ஒரு நாள் எல்லா பிள்ளையும் கலர் பேப்பரோட வந்துச்சு, அது மட்டும் சும்மா வந்து கடைசி பெஞ்சில கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. எனக்கு தெரியாது மிஸ்னு கூட சொல்லல. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. இப்ப மறுபடியும் கரும்பலகையில எழுதிப் போட்டு நோட்டுல எழுத வைக்கிறேன், குரூப்ல போடறது அதுக்கு மேல தான்.

வருகைப்பதிவும் இப்ப ஆப்ல. எங்க ஸ்கூல் கட்டடத்துக்குள்ள சிக்னல் வராது, காலைல வாட்டர் டேங்க் படிக்கட்டுல ஏறி நின்னு அனுப்பிட்டு வருவேன், சில நாள் கால் மணி நேரம் சுத்தும், அந்த கால் மணி நேரம் பிள்ளைங்க வகுப்புல தனியா. முன்னாடி ரெஜிஸ்டர்ல ரெண்டு நிமிசத்துல முடிச்ச வேலைங்க இது.

2020ல ஊரடங்கு. கல்வி தொலைக்காட்சி வந்தாலும் ஆன்லைன் கிளாஸுக்குன்னு எங்க ஊர்ப் பசங்க பாறை மேல ஏறி குடை பிடிச்சு உக்காந்தாங்க. பாதி பேர் வீட்டுக்கு முதல் ஸ்மார்ட்போன் வந்ததே அப்ப தான், ஆடு வித்து வாங்குனவங்க இருக்காங்க, நகை வச்சு வாங்குனவங்க இருக்காங்க. படிப்புக்குன்னு வந்த போன் படிப்பு முடிஞ்சும் திரும்பிப் போகல. இப்ப ஏழாவது படிக்கிற பையன் காலைல வரும்போதே கண்ணு செவந்து வரான், என்னடான்னா ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேம். அவங்கம்மா எங்கிட்ட வந்து, நான் தான டீச்சர் கம்மல வச்சு வாங்கிக் குடுத்தேன்னு அழுறாங்க. யுனெஸ்கோ 2023ல ஒரு அறிக்கைல கல்விக்கு உதவாத இடத்துல போன் வகுப்புக்குள்ள வேணாம்னு சொல்லிருந்தாங்க. ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்கு கீழ சோசியல் மீடியாவே கூடாதுன்னு 2025 டிசம்பர்ல இருந்து சட்டம். பிள்ளைங்களுக்கு வேணாம்னு சொல்றதுக்கு சட்டம் வரைக்கும் போறாங்க, உங்கள மாதிரி பெரியவங்க தானா வேணாம்னா ஏன் விட மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு புரியல.

பெட்டிக்கடை

டீச்சரம்மா சொன்னது அத்தனையும் உண்மை.

ஊட்டி_டாக்ஸி

22 வருசமா வண்டி ஓட்டறேன். போன ஐப்பசி மழைல என் போன் நனைஞ்சு செத்துருச்சு, பர்லியார் தாண்டி மேல ஏறிட்டு இருக்கேன், வண்டில கஸ்டமர் ஒரு குடும்பம். லேட் ஆகும்னு வீட்டுக்கு சொல்லணும், கஸ்டமர் நல்ல மனுசன், அவர் போன குடுத்தார். கையில வாங்கிட்டு அப்படியே நிக்கிறேன், என் சம்சாரம் நம்பர் எனக்கு தெரியலைங்க. 19 வருசமா ஒரே நம்பர். பேர தொட்டா போகும், நம்பர எங்க பாத்தோம். எங்கம்மா வீட்டு பக்கத்து வீட்டுல 1998ல இருந்த லேண்ட்லைன் நம்பர் இன்னிக்கும் சொல்லுவேன், அந்த வீடே இப்ப இல்ல. மழைல ரோட்டோரம் நின்னு கண்ணு கலங்கிருச்சு.

அதே மாதிரி தான் வழியும். புதுசா ஓட்ட வர்ற பசங்க மேப் இல்லாம வண்டிய எடுக்கறதில்ல. ஊட்டில இருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழிய மேப் குறுக்கு வழின்னு காட்டும், 36 கொண்டை ஊசி, வெளியூர் வண்டிய அந்தப்பக்கம் கீழ இறங்க விடறதே இல்ல, எத்தனை வண்டி பிரேக் போய் கவுந்திருக்கு. உள்ளூர்க்காரன் ஒருத்தன கேட்டா சொல்லுவான், ஆனா கண்ணாடிய இறக்கி கேக்க மாட்டாங்க. முன்னெல்லாம் நாலு இடத்துல நிறுத்தி டீ குடிச்சு வழி கேட்டு தான் ஊட்டி வருவாங்க, டீக்கடைக்காரருக்கும் வியாபாரம்.

2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். ஹைகோர்ட் போட்டது, கூட்டத்த பாத்தா அது வேணும்னு தான் நானும் சொல்லுவேன், 2025ல சீசனுக்கு ஊட்டிக்கு சாதா நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000னு அளவு வச்சாங்க, கொடைக்கு 4000, 6000. ஆனா அதுக்கும் போன் தான். செக்போஸ்ட்ல வயசான ஒரு தம்பதி பழைய அம்பாசடர்ல வந்து பாஸ்னா என்னன்னு தெரியாம நின்னாங்க, நான் தான் என் போன்ல (புதுசு வாங்கிட்டேன்) போட்டுக் குடுத்தேன்.

ஹட்டி_மகன்

நான் கொஞ்சம் கடுமையா பேசப்போறேன், மன்னிச்சுக்கங்க பெரியவரே. சொந்த ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்), இருக்கறது பெங்களூரு. எங்கம்மாவுக்கு 71, தனியா இருக்காங்க. உங்கள மாதிரியே போன் வேணாம்னு பிடிவாதம். மூணு போன் வாங்கிக் குடுத்துட்டேன், மூணும் அரிசி டப்பாவுல கிடக்குது. நான் தினமும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு போன் போட்டு அம்மா எந்திரிச்சாங்களா புகை வருதா பாருங்கன்னு கேக்கறேன். அவர் எடுக்கலேன்னா எனக்கு ஆபீஸ்ல வேலை ஓடாது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்ச அன்னிக்கு எங்க ஊரு அந்தப்பக்கம் இல்லேன்னு தெரிஞ்சும் விடிய விடிய தூங்கல. போன் வேணாம்கிறது உங்க சுதந்திரம்னு சொல்றீங்க, அந்த சுதந்திரத்தோட பாரத்த தூக்கறது யாரு? பெத்த பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரரும். இந்த இழைய கூட உங்க பேத்தி போன்ல தான போட்டிருக்கீங்க.

குன்னூர்_தேயிலை

அண்ணே கொஞ்சம் பொறுமையா பேசலாமே. பெரியவர் அவர் வலிய சொல்றாரு.

ஹட்டி_மகன்

என் வலியத் தான் நானும் சொல்றேன் தம்பி.

மேல்மலை_தபால்

ஹட்டி மகன் தம்பி, நீங்க பேசுனதுல எனக்கு கோவம் எதுவும் இல்ல. ரெண்டு தடவ படிச்சுக் காட்டச் சொல்லி கேட்டேன். பேத்தி போன்ல தான் போட்டேன், உண்மை. அவ இந்த லீவு முடிஞ்சு போயிட்டா நான் இங்க எழுத முடியாது. அது எனக்கு உறைக்குது.

ஆனா என் பக்கத்தையும் கேளுங்க. 1995 ஜூலை 31ல கல்கத்தாவுல இருந்து ஜோதி பாசு டெல்லியில இருந்த சுக்ராம் கிட்ட பேசுனது தான் நாட்டுலயே முதல் செல்போன் பேச்சு, பேப்பர்ல படிச்சது ஞாபகம் இருக்கு. அப்ப நான் தினமும் தபால் பைய பிரிச்சுக்கிட்டு இருந்தேன். ஆரம்பத்துல நமக்கு வர்ற போனுக்கும் காசு, நம்மள யாரோ கூப்பிட்டதுக்கு நாம காசு குடுக்கணுமான்னு அப்பவே எனக்கு பிடிக்கல. 2003ல தான் அது போச்சு. அந்த வருசம் வந்த டார்ச் வச்ச நோக்கியா 1100 எங்க ஊருக்கும் வந்துச்சு, பேச டவர் இல்ல, டார்ச்சுக்குன்னே வாங்குனவங்க உண்டு.

உங்கம்மா மாதிரி எத்தனை அம்மாவுக்கு நான் லெட்டர் படிச்சுக் காட்டிருக்கேன் தெரியுமா தம்பி. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு போன பிள்ளைங்க மணியார்டர் அனுப்பும், அந்த துண்டுல நாலு வரி இருக்கும். பணத்த விட அந்த நாலு வரிய தான் மொதல்ல படிக்கச் சொல்லுவாங்க. ஒரு அம்மா அந்த துண்டுகள சாமி படத்துக்கு பின்னாடி சொருகி வச்சிருந்துச்சு, வருசம் பூரா. இப்ப பிள்ளைங்க தினமும் பேசுறாங்க, நல்லது தான், ஆனா ரெண்டு நிமிசம் பேசி வச்ச பேச்சு ஒண்ணும் கையில நிக்க மாட்டேங்குது.

இன்னொண்ணு. எனக்கு மெஷின் தெரியாதுன்னு நினைக்காதீங்க. 2017 கடைசில தர்பண்னு ஒரு திட்டம் வந்து, நாடு பூரா ஒரு லட்சத்துக்கு மேல கிளை ஆபீஸுங்களுக்கு கையடக்க மெஷின் குடுத்தாங்க, சோலார் பேனலோட. எங்க ஆபீஸுக்கும் வந்துச்சு. அஞ்சு வருசம் அத நான் தான் ஓட்டுனேன், சிக்னல் இல்லாத நாள்ல ஆபீஸுக்கு பின்னாடி சரிவுல ஏறி, பைன் மரம் ஒண்ணு இருக்கும், அதுக்குக் கீழ நின்னு தான் கணக்கு அனுப்புவேன். நல்ல மெஷின் தான்.

ஆனா ஒரு ஆத்தா வரும், எழுபத்தஞ்சு வயசு, ஆயுசு பூரா பூண்டு உரிச்ச கை. அது ரேகை மெஷின்ல விழாது. பெருவிரல் வச்சா இல்லங்கும், ஆள்காட்டி வச்சா இல்லங்கும், பத்து விரலும் வச்சுப் பாப்போம். ஈரத்துணில துடைச்சு, முந்தானைல தேச்சு, எண்ணெய் தொட்டு, மறுபடியும் வைப்போம். கடைசில அந்த ஆத்தா அதோட கைய திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டு, என் கை தானய்யா இதுன்னு கேட்டுச்சு. இருபத்தஞ்சு வருசமா அதே பெருவிரல மைப்பெட்டில தொட்டு உருட்டி பணம் எண்ணிக் குடுத்தவன் நானு. மை ஒரு நாளும் அந்த ஆத்தாவ இல்லேன்னு சொல்லல. அதோட பேரும் வீடும் பேரப்பிள்ளை எத்தனைன்னும் எனக்கு தெரியும், அவ்வளவும் தெரிஞ்சும் என்னால அன்னிக்கு பணம் குடுக்க முடியல. நூறு நாள் வேலைக்கும் 2023 சனவரில இருந்து செல்போன் ஆப்ல ரெண்டு வேளை போட்டோ எடுத்து தான் வருகைப்பதிவுன்னு ஆச்சு. வேலை நடக்கற ஓடையில சிக்னல் இருக்காது, சரியா ஏறுச்சான்னு தெரியாம பொம்பளைங்க மம்பட்டிய வச்சுட்டு வரிசையா நிக்கும். இத பாத்து பாத்து தான் எனக்கு அந்த வெறுப்பு ஊறுச்சு.

கஜா புயல் 2018 நவம்பர்ல. கொடைக்கானல் ரோடு பூரா மரம், கரண்டு போச்சு, டவர் பேட்டரி தீர்ந்து ஊர்ல ஒரு போனும் வேலை செய்யல. எங்க வீட்டு லேண்ட்லைன் எப்படியோ தப்பிச்சது. அதுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரில இருந்தே கரண்டு கம்பியில வந்துரும், வீட்ல கரண்டு வேணாம். மூணு நாள் எங்க திண்ணையில ஊரே உக்காந்திருந்துச்சு. ஒவ்வொருத்தரும் உள்ள வந்து, செருப்ப கழட்டிட்டு, ரிசீவர ரெண்டு கையால பிடிச்சு பேசுனாங்க. என் வீட்டுக்காரி எல்லாருக்கும் வரக்காப்பி போட்டே ஓஞ்சு போனா. அந்த லைன் இப்ப இல்ல. ரெண்டும் இருக்கட்டும்னு ஏன் யாரும் நினைக்கல, ஒண்ணு வந்தா இன்னொண்ண ஏன் அறுத்து விடணும்? அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

2006ல குறிஞ்சி பூத்தப்ப தபால் துறை அதுக்கு ஸ்டாம்ப் போட்டுச்சு, பாக்க வந்த சனம் மலைய பாத்து சும்மா நின்னுச்சு. 2018ல திரும்ப பூத்தப்ப நான் பாத்தது எல்லாம் பூவுக்கு முதுக காட்டி போனப் பாத்து நின்ன ஆளுங்க. அடுத்தது 2030. நான் இருந்தா எனக்கு 70க்கு மேல ஆயிருக்கும்.

ஹட்டி_மகன்

ஐயா அந்த ஆத்தா கதைய படிச்சதுக்கப்புறம் என்னத்த சொல்ல. எங்கம்மாவுக்கும் தேயிலை பறிச்ச கை தான், ரேஷன் கடையில இதே பாடு தான், ஒவ்வொரு மாசமும் சொல்லுவாங்க, நான் தான் காதுல வாங்கல. இந்த வாரம் ஊருக்கு போறேன். லெட்டர் ஒண்ணும் எழுதிப் பாக்கறேன்.

பெட்டிக்கடை

ஐயா ஒரு தகவல். ஸ்மார்ட்போன் வேணும்னு அவசியம் இல்ல, பட்டன் போன்லயே ஓடிபி எஸ்எம்எஸ்ஸா வந்துரும். 2022ல யுபிஐ 123பேன்னு ஒண்ணு விட்டாங்க, நெட் இல்லாம பட்டன் போன்ல இருந்தே நம்பருக்கு அடிச்சு பணம் அனுப்பலாம், தமிழ்ல கூட பேசும். ஓடிபிய மட்டும் எவன் போன் பண்ணி கேட்டாலும் சொல்லிறாதீங்க, பேங்குல இருந்துன்னு தான் பேசுவான். வாங்கறப்ப 4ஜி பட்டன் போனா வாங்குங்க, சில கம்பெனி சிம் 2ஜி செட்டுல எடுக்காது.

கூடலூர்க்காரி

எந்த சிம் சிக்னல் இல்லேன்னாலும் 112ன்னு அவசர நம்பர் அடிச்சா பக்கத்துல எந்த கம்பெனி டவர் இருக்கோ அதுல போகும், அதையும் எழுதி வச்சுக்கங்க அய்யா.

மேல்மலை_தபால்

பதினஞ்சு நாள் கழிச்சு எழுதுறேன். பேத்தி நாளைக்கு கிளம்புறா.

வத்தலக்குண்டுக்கு கீழ இறங்குன அன்னிக்கு ஒரு பட்டன் போன் வாங்கிட்டேன், பெட்டிக்கடை தம்பி சொன்ன மாதிரி 4ஜி தான். பேங்கு வேலையும் முடிஞ்சது, அதே பொண்ணு தான், என்னைப் பாத்து சிரிச்சுச்சு. வடுகப்பட்டி சந்தையில பூண்டு என்ன விலைன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டுக்கிட்டேன், அதுல ஒரு லோடு கூலி மிச்சம், அத மறைக்கக் கூடாது.

வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்கல. கிழக்கு ஜன்னல் ஓரம் மட்டும் ரெண்டு கோடு வருது. பழைய லேண்ட்லைன் பெட்டி மாட்டிருந்த ஆணி அங்க தான் இருக்கு, அதுல ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு தொங்க விட்டிருக்கேன். மணி அடிச்சா எந்திரிச்சுப் போயி நின்னு பேசுறேன். பக்கத்துல ஒரு நோட்டு, பேனா. ஊட்டி டாக்ஸி தம்பி சொன்னத கேட்டதுல இருந்து நம்பர் எல்லாம் நோட்டுல எழுதித் தான் அடிக்கிறேன், பேர் எதுவும் உள்ள போடல, மகன் நம்பரும் பேத்தி நம்பரும் இப்ப மனப்பாடம். பூண்டு உரிக்கற அந்த ஆத்தா நேத்து வந்து மகன்கிட்ட பேசிட்டுப் போச்சு, செருப்ப வாசல்ல விட்டுட்டு தான் வந்துச்சு.

ஹட்டி மகன் தம்பிக்கு என் நம்பர பேத்தி தனியா அனுப்புவா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடிங்க, பகல்ல காட்டுல இருப்பேன். உங்கம்மா பக்கத்துல இருக்கறப்ப கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசணும்.